‘மேலே போறேன்’ என்று சொன்னவன்

நித்யா,

போன ஞாயிற்றுக்கிழமை மழையில் சிக்னல் போய்விட்டது என்று அப்பா உன்னிடம் சொன்னார் அல்லவா? சிக்னலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் போனை வைத்தேன். இன்னும் ஒரு நிமிடம் பேசியிருந்தால் வாயில் வரக்கூடாததெல்லாம் வந்திருக்கும். படிப்பை முடித்து முதல் வேலைக்குப் போகிற பிள்ளையை ஏச வேண்டாம் என்று வைத்துவிட்டேன். வைத்ததிலிருந்து நெஞ்சு எரிகிறது. நாயுடுபுரம் முழுக்க மூடுபனி, கொடியில் போட்ட துணி ஒன்றும் உலரவில்லை, வட்டக்கானல் விடுதிக்காரர்கள் வெளுக்கப் போட்ட பெட்ஷீட் எங்கே என்று கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டார்கள். அத்தனை சோலியையும் அப்படியே போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை மதுரையில் அந்த ஆலோசனை மையத்தில் நீ நாற்காலியில் உட்காரப் போகிறாய். அதற்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு நாளைக்குக் கீழே சவாரி இருக்கிறது, கொண்டுவந்து தருவார்.

நீ சொன்னது இதுதான். “யம்மா, அண்ணே விஷயத்துல அந்தக் கவுன்சிலிங் மேடத்தை இன்னும் திட்டிக்கிட்டே இருக்காத. அவங்க ப்ரோட்டோகால்படிதான் செஞ்சாங்க. அந்த இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்.” அதே மூச்சில், “அண்ணனை எங்க சென்டருக்குக் கூட்டிட்டு வாங்க, எங்க சீனியர் பாப்பாங்க” என்றாய். சரவணனுக்கு உதவி வேண்டும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. தூக்கம் இல்லை. சாப்பாடு பாதித் தட்டோடு நிற்கிறது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வட்டக்கானலுக்குத் துணி எடுக்கப் போவதை நிறுத்திவிட்டான். யாராவது ஒரு நல்ல ஆள் அவனிடம் உட்கார்ந்து பேசவேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. ஆனால் ‘நானும் அதையேதான் செஞ்சிருப்பேன்’ என்று சொல்கிற ஒருத்தி இருக்கிற இடத்துக்கு அவனை எப்படி அனுப்புவேன்? அந்த ஒருத்தி நான் பெற்ற மகளாகவே இருந்தாலும், எப்படி அனுப்புவேன் சொல்.

அப்போது நீ விடுதியில் இருந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், வந்துவிட்டான் என்று மட்டும் சொன்னோம். ஏதோ சாவுப் பேச்சு, அந்த மேடம்தான் சேர்க்க வைத்தாள் என்பது பிறகு என் ஏச்சிலிருந்து உனக்குத் தெரிந்தது. நீ நியாயம் பேசுவதும் அந்தப் பாதிக் கதையை வைத்துக்கொண்டுதான். இப்போது முழுக் கதையையும் கேள்.

போன சீசனில் நம் வீட்டை ஒட்டி ஒருவர் புதிதாக லாட்ஜ் கட்ட ஆரம்பித்தார். பாறையைத் துளைக்கிற மெஷின் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடியது. எனக்கே தலை கிறுகிறுத்தது. உன் அண்ணனுக்குச் சத்தம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிட்டு அடுப்பை ஏற்றி வாழ்ந்தவர்கள் நாம். அவன் சாப்பிட்டதை வாந்தி எடுத்தான், தூங்கவில்லை, சலவை ஷெட்டில் ஈரத்துணி மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டான். ஒரு நாள் அவனாகவே என்னிடம் வந்து, “யம்மா, எனக்குத் தாங்கல. இதுக்குன்னு படிச்ச ஆள்கிட்ட நான் பேசணும்” என்றான். நாங்கள் யாரும் அவனைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. அவனாகக் கேட்டான். இதை நீ மறக்கவே கூடாது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்தப் பிள்ளை தனக்கென்று வாய்விட்டுக் கேட்ட உதவி அது ஒன்றுதான்.

கவுன்சிலரைப் பார்க்கப் போகிறோம் என்று அப்பா டீக்கடையில் சொல்ல, “எந்த வார்டுங்க? தண்ணிக் குழாய்க்கா?” என்று ஒருவர் கேட்டாராம். இங்கே கவுன்சிலர் என்றால் அந்தக் கவுன்சிலர்தானே. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. மலைக்குக் கீழே ஒரு ஊர். ஊர்ப் பேரோ மையத்தின் பேரோ வேண்டாம், சண்டை அந்தப் போர்டோடு இல்லை. நல்ல பேருள்ள இடம் என்றார்கள். வாரம் ஒருமுறை அப்பா வேனிலேயே கூட்டிக்கொண்டு போய் வந்தார்.

முதல் நாள் நானும் போயிருந்தேன். கவுன்சிலராக உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என்னைத்தான் முதலில் கேட்டாள், “இவர் கைக்குழந்தையா இருக்கும்போது நீங்க வேலைக்குப் போனீங்களா? நல்லா தூக்கிக் கொஞ்சுவீங்களா?” இருபத்தாறு வயது ஆண்பிள்ளை காது வலிக்கிறது, தூக்கம் இல்லை என்று வந்து உட்கார்ந்திருக்கிறான், இவளுக்கு நான் அவனைத் தூக்கிக் கொஞ்சினேனா என்று தெரிய வேண்டியிருக்கிறது. தாய்மார்கள் கடிதம் எழுதினால் நடுவில் தங்கள் தப்பையும் சொல்லி அழுவது வழக்கம். நான் அழப்போவதில்லை. என் தப்பு ஆயிரம் இருக்கலாம், இந்த விஷயத்தில் அதைத் தேடிக்கொண்டு போனதால்தான் அந்தப் பெண் எதிரே இருந்தவனைப் பார்க்காமல் விட்டாள்.

பிறகு அவனிடம் திரும்பி, “சொல்லுங்க சரவணன், உங்களுக்கு எப்படி ஃபீல் ஆகுது?” என்றாள்.

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “இடது காதுக்குப் பின்னால சூடா இருக்கு. சோறு மண்ணு மாதிரி கெடக்கு. படுத்தா மெஷின் சத்தம் தலைக்குள்ளேயே ஓடுது.”

“அது உடம்பு. நான் மனசைக் கேட்டேன். என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க.”

“அதான் சொன்னேன்” என்றான்.

அதான் சொன்னான், நித்யா. அவனுக்கு மனசு அங்கேதான் இருக்கிறது, காதுக்குப் பின்னால். துக்கம் வந்தால் அவனுக்கு ‘துக்கமாக இருக்கிறது’ என்று வராது, முழங்கை கனக்கிறது என்றுதான் வரும். அதைச் சொல்லுவதற்கு அவன் எத்தனை பாடுபட்டிருப்பான். அவளோ ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக்கொண்டாள். தலைக்கு மேலே டியூப்லைட் ஒன்று ஙொய் என்று இரைந்துகொண்டிருந்தது. அதை அணைக்க முடியுமா என்று அவன் மரியாதையாகத்தான் கேட்டான். “வெளியுலகத்துல யாரும் உங்களுக்காக லைட்டை அணைக்க மாட்டாங்க. பழகிக்கணும்” என்றாள். மூட்டு வலி என்று வருகிறவனை மாடிப்படி ஏறிப் பழகிக்கொள் என்று எந்த டாக்டராவது சொல்வாரா? காது விஷயம் என்றால் மட்டும் சொல்கிறார்கள்.

அடுத்த வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தாள். “ஞாயித்துக்கிழமை உங்க ஊர்ச் சந்தையில போய் நில்லுங்க. கஷ்டமா இருந்தாலும் வந்துராதீங்க. அப்பத்தான் பயம் விடும்.” எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. அவன் காலையில் போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. தூறல் பிடித்துக்கொண்டது, நான் அவன் விடுதிப் பக்கம் போயிருப்பான் என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் பூண்டு மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர்தான் போன் பண்ணினார். “யக்கா, ஒங்க மகன் காலையில இருந்து ஒரே எடத்துல நிக்கான். கூப்பிட்டா வர மாட்டேங்கான். வெரசா வாங்க.” போய்ப் பார்த்தேன். தலையிலிருந்து கால் வரை நனைந்து, இரண்டு கையையும் காதில் அழுத்திக்கொண்டு, நடுங்கிக்கொண்டு நிற்கிறான். கடை எல்லாம் எடுத்துவிட்டார்கள். “ஏலே, வாடா வீட்டுக்கு” என்று கெஞ்சுகிறேன். “வந்துராதீங்கன்னு சொன்னாங்கம்மா” என்கிறான். அந்தப் பெண்ணிடம் அப்பா இதைச் சொன்னபோது, “அரை மணி நேரம்னுதான் நான் நினைச்சேன், அது புரியும்ல” என்றாளாம். புரியாது. இப்படிப்பட்டவர்களுக்கு நினைத்ததைச் சொல்ல வேண்டும், சொன்னதைத்தான் கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அவள் படித்த படிப்பில் முதல் பாடமே அதுவாக இருந்திருக்க வேண்டும்.

இனிமேல் அங்கே போகப் பிரயோஜனம் இல்லை என்று அவனே முடிவு செய்துவிட்டான். சொல்லாமல் நிற்பது முறையில்லை, நேரில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஒரு தடவை போனான். அவ்வளவு நாணயமான பிள்ளை. அன்றைக்கு நடந்ததை அந்தப் பெண்ணும் எனக்குச் சொன்னாள், வெகுநாள் கழித்து அவனும் சொன்னான். இரண்டு பேர் சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுதான். நேரம் முடிந்ததும் அவன் எழுந்தான்.

“நான் போறேன்.”

“அடுத்த வாரம் இதே நேரம் வந்துருங்க.”

“இல்ல. இனிமே வரமாட்டேன்.”

“ஏன், எங்க போறீங்க?”

“மேலே.”

படித்துவிட்டு நீ சிரிப்பாயா அழுவாயா தெரியவில்லை. கொடைக்கானலில் பிறந்த எவருக்கும் மேலே என்றால் வீடு, கீழே என்றால் வத்தலக்குண்டும் மதுரையும். ‘அப்பா கீழே போயிருக்காரு, ராத்திரி மேலே வந்துருவாரு’ என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுகிற குடும்பம் நாம். சமவெளியில் பிறந்த அந்தப் பெண்ணுக்கு ‘போறேன், வரமாட்டேன், மேலே’ என்ற மூன்றும் சேர்ந்து வேறு அர்த்தம் ஆகிவிட்டது.

அது கிடக்கட்டும், ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லாமல் வெறுமனே ‘போறேன்’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளை சொல்லும் என்று நீ கேட்பாய். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஆடலூரில் என் சித்தப்பா இறந்துபோனார். கிளம்பும்போது சரவணன் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தபடியே, கணீரென்று “போயிட்டு வாரேன்” என்றான். எழவு வீட்டில் அப்படிச் சொல்லுவார்களா? உன் மாமா அவன் காதைப் பிடித்துத் திருகி, “ஏலே, இப்படி ஒரு சோலிக்கு நாம திரும்ப இங்க வரணுமாலே? சொல்லாம எந்திரிச்சு வரணும்” என்றார். அழுதுகொண்டே வந்தவன் வழியில் என்னிடம் ஒரு சட்டம் கேட்டு உறுதி செய்துகொண்டான். “அப்ப, திரும்ப வராத எடத்துல அதைச் சொல்லக் கூடாது. சரியாம்மா?” எனக்கு இருந்த களைப்பில் சரிப்பா என்றேன். அன்றையிலிருந்து அப்படித்தான். பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை அன்று ஹெட்மாஸ்டரிடம் போய் “போறேன் சார்” என்றானே, நீ பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாயே. அவன் வரமாட்டான், அதனால் வாரேன் என்று சொல்லவில்லை. நாம் எல்லாரும் வாசல்தோறும் சொல்லிவிட்டு வருகிற அந்தச் சின்னப் பொய் அவனுக்கு வராது.

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாளாம், “சரவணன், சாகுறதைப் பத்தி யோசிச்சிருக்கீங்களா?”

“யோசிச்சிருக்கேன். எல்லாருந்தான் யோசிப்பாங்க.”

சொல்லும்போது சிரித்தான். பயந்தால் அவன் முகம் சிரிக்கும், ஊசி போடும்போதெல்லாம் நர்சுகள் “என்ன தைரியமான பையன்” என்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். ‘சாவைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார்’ என்று காகிதத்தில் ஏறியது. கதவைச் சாத்தினாள். அதே கட்டிடத்தில் ஒரு மனநல ஆஸ்பத்திரியும் இருந்தது. அங்கிருந்து இரண்டு ஆட்கள் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். தெரியாத ஆள் தோளில் கை வைத்தாலே துடித்துப் போகிறவன். திமிறினான், ஒருவரின் மணிக்கட்டைக் கடித்தான். வன்முறை என்று எழுதினார்கள். ஊசி போட்டார்கள். டீசல் போடப் போயிருந்த அப்பாவுக்கு, உங்கள் மகன் தற்கொலை எண்ணத்தில் இருக்கிறான் என்று போன் வந்தது. அந்த மனுஷன் ஓடிப்போய் நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். யார்தான் போடமாட்டார்கள்? நான் போய்ச் சேர்ந்தபோது பகல் மாதிரி விளக்கெரியும் வார்டில், ஓயாமல் டிவி ஓடுகிற சுவருக்குப் பக்கத்தில், வாயோரம் எச்சில் ஒழுகப் படுத்திருந்தான். சத்தம் தாங்கவில்லை என்று உதவி கேட்டுப் போன பிள்ளை, நித்யா. அவனுக்குக் கிடைத்த உதவி அதுதான்.

ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவன் கை நடுக்கத்தில் தலையணை உறை மாட்ட முடியாமல் நின்றான். பேச்சு வெகுநாள் வரவில்லை. வேண்டியதை விரலால் காட்டினான்.

இப்போது உன் ப்ரோட்டோகாலுக்கு வருகிறேன். சாவு என்ற பேச்சு காதில் விழுந்தால் சும்மா விடக்கூடாது என்கிறாய். சரி, விடக்கூடாதுதான். அந்தப் பெண் பயந்ததை நான் குற்றம் சொல்லவே மாட்டேன். மெய்யாகவே அப்படி ஒரு எண்ணத்தோடு வந்த பிள்ளையை அவள் பிடித்து நிறுத்தியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். “மேலேன்னா எங்க?” என்று கேட்டிருந்தால் “நாயுடுபுரம்” என்று சொல்லியிருப்பான், தெருப் பேரும் சேர்த்து. அந்தக் கேள்வி அவளுக்கு ஏன் தோன்றவில்லை? எதிரே இருப்பவனும் தன்னைப் போலவே மறைத்தும் சுற்றி வளைத்தும் பேசுவான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொன்னதை அப்படியே சொல்லுகிற மனிதர்களும் இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் ப்ரோட்டோகால் எழுதினவர்களின் கண்ணில் அவன் படவே இல்லை. இதையும் யோசி, காது சுடுகிறது, சோறு இறங்கவில்லை என்று அவன் வாயால் சொன்னபோது கண்ணைப் பார்க்காததால் நம்பவில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னபோது சாகப்போகிறான் என்று நம்பிவிட்டார்கள்.

நான் அவளைப் பார்க்கப் போனேன். அதுவும் உனக்குத் தெரியாது. அடிக்கிற வேகத்தோடுதான் போனேன். முதல் நாள் நான் சரியாகக் கவனிக்கவில்லை, ராட்சசி ஒன்றும் இல்லை. உன்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள், அவ்வளவுதான். நான் ஆடலூர்க் கதையைச் சொல்லச் சொல்ல முகம் வெளுத்துவிட்டது.

“அம்மா, எனக்குத் தெரியலம்மா. நாங்க படிச்சப்ப ஆட்டிசத்துக்கு ஒரே ஒரு பாடந்தான். அதுவும் சின்னக் குழந்தைங்களைப் பத்தி. பெரியவங்களா வந்து உட்கார்ந்தா என்ன பண்ணணும்னு யாரும் சொல்லித் தரல. இவர் நல்லா பேசினார், வேலை பார்க்கிறார், எனக்கு ஆட்டிசம் மாதிரியே தோணல.”

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லி அனுப்பிருக்கலாமேம்மா. ஒடைஞ்ச வேனை எங்க வீட்டுக்காரர் மெக்கானிக் ஷாப்புக்குக் கொண்டு போனா, இந்த எஞ்சின் எனக்குப் பழக்கம் இல்லண்ணேன்னு சொல்லித் திருப்பி அனுப்புறாங்க. மனுசப் பிள்ளைக்கு அந்த மரியாதை கிடையாதா?”

அவள் அழுதுவிட்டாள். நானும் எழுந்து வந்துவிட்டேன். அவளை மட்டும் திட்டி என்ன செய்ய? பட்டம் கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, கதவில் பேர் எழுதி மாட்டிவிட்டு, கதவைத் தட்டி வருகிறவர்களில் ஒரு சாராரைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் உட்கார வைத்திருக்கிறார்கள். நியூரோடைவர்ஜென்ட், மூளை வேறு விதமாக வேலை செய்கிறவர்கள் என்று நீ போனில் அழகாகச் சொன்னாய். பேர் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பேசத் தெரியவில்லை. சரவணனைப் போன்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அந்தக் கதவைத் தட்டத்தான் செய்வார்கள், உலகம் அவர்களை அவ்வளவு இடிக்கிறது. அவர்களைப் பற்றி, விருப்பம் இருந்தால் தனியாகப் படித்துக்கொள் என்று விட்டால் அது என்ன படிப்பு?

இதில் உன்னைச் சும்மா விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. ஒன்றாம் வகுப்பில் நீ டீச்சரிடம் போய், “எங்க அண்ணன்கிட்ட ரெண்டு கேள்வி சேர்த்துக் கேக்காதீங்க டீச்சர், ஒண்ணொண்ணா கேளுங்க” என்று சொன்ன பிள்ளை. அவன் பேசாமல் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் பேசாமல் இருப்பாய். போன மாதம் போனில் அவனிடம், “அண்ணே, அது உனக்கு எப்படி ஃபீல் ஆகுது? நான் உன்னைப் புரிஞ்சுக்கறேன்” என்று ஒரு குரலில் பேசினாய். அவன் போனை என்னிடம் நீட்டி, “இது நித்யா இல்லம்மா, யாரோ” என்றான். நெட்வொர்க் சரியில்லை என்று நான் சமாளித்தேன். இப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் குரல் எங்கே தயாராகிறதோ அங்கேதான் உன் குரலும் தயாராகியிருக்கிறது.

அண்ணனோடு வளர்ந்தவள் எனக்குத் தெரியாதா என்றும் சொல்லாதே. உனக்குச் சரவணனைத் தெரியும். அவ்வளவுதான். வட்டக்கானலில் நாம் துணி எடுக்கிற விடுதிக்காரர் மகள் இருக்கிறாளே, அவளுக்கும் டாக்டர் ஏதோ ஒரு பேர் சொல்லியிருக்கிறார். அவள் வாயை மூட மாட்டாள், ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டிப்பிடிப்பாள். சரவணனுக்குச் செய்கிற எதுவும் அவளுக்கு ஆகாது. வீட்டில் பழகினது ஒருவனுக்குத்தான் உதவும், தெரியாத ஆள் வந்து உட்கார்ந்தால் அதற்கென்று படித்திருக்க வேண்டும். விளக்கையும் சத்தத்தையும் எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது, பேச்சு வராதவனை எழுதிக்காட்டச் சொல்வது எப்படி, கேள்வியை எப்படி நேராகக் கேட்பது, அவன் சொன்ன சொல்லுக்கு அவன் ஊரில் அவன் வீட்டில் என்ன அர்த்தம், எல்லாம் படிக்கிற விஷயம்தான். அதையும் இப்படி வாழ்ந்து பார்த்த பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர்கள் வாயால் கேட்டுப் படிக்க வேண்டும். கண்ணைப் பார் என்று அதட்டக்கூடாது என்பதையாவது முதல் நாளே படித்துவிட மாட்டீர்களா?

அதனால் திங்கட்கிழமையே உன் சீனியரிடம் போய்க் கேள். பெரியவர்களான ஆட்டிசக்காரர்களோடு வேலை செய்ய அவர் எங்கே பயிற்சி எடுத்தார், யாரிடம் எடுத்தார் என்று கேள். எடுக்கவில்லை என்றால், எங்களுக்கு முதலில் அதை ஏற்பாடு செய்யுங்கள், அதுவரை இப்படி வருகிறவர்களை நான் பார்க்க மாட்டேன் என்று சொல். வேலையில் சேர்ந்த அன்றே எதிர்த்துப் பேசச் சொல்கிறாளே அம்மா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். உனக்குக் கெட்ட பேர் வந்தால் நான் தாங்கிக்கொள்வேன், உன் முன்னால் வந்து உட்கார்ந்த ஒருவன் உன்னால் வாய் அடைத்துப் போனான் என்றால் தாங்கமாட்டேன். கூட்டிக்கொண்டு வாங்க என்று நீ அத்தனை சுலபமாகச் சொன்னதற்கு ஏன் எனக்கு ஆத்திரம் வந்தது என்பதை இன்னும் நான் சொல்லி முடிக்கவில்லை.

நேற்று வெள்ளனே பாய்லரைப் பற்றவைத்துவிட்டு அவனிடம் போனேன். தட்டில் இட்லி வைத்தபடியே இருந்தது. கண் இரண்டும் இரத்தமாகக் கிடந்தது. “எப்படிப்பா இருக்க?” என்றேன். அவன் என் கண்ணைப் பார்த்தான், நித்யா. நேராக, கண்ணுக்குள். சிரித்தான். “நல்லாருக்கேன்மா” என்றான்.

“ஏம்ப்பா, தூங்கல, சாப்பிடல. அப்புறம் எப்படி நல்லாருக்க?”

“அப்படிச் சொன்னா அடுத்த கேள்வி வராதும்மா.”

வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லிக்கொடுத்தாராம். கண்ணைப் பார்த்துச் சிரித்து நல்லாருக்கேன் என்று சொல்லு, விட்டுவிடுவார்கள் என்று. இவன் படுக்கையில் படுத்தபடியே பழகினானாம். டாக்டர் வந்தபோது சொன்னான். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் நல்ல முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறது, நான் எடுத்துப் பார்த்தேன். ‘போயிட்டு வாரேன்’ என்று ஒரு வார்த்தை பொய் சொல்ல வராத பிள்ளைக்கு அங்கே கிடைத்த சிகிச்சை இதுதான்.

உன் மையத்துக்கு வந்தாலும் அவன் அழகாக உன் சீனியரின் கண்ணைப் பார்ப்பான், சிரிப்பான், நல்லாருக்கேன் என்பான். நீங்களும் சந்தோஷமாக எழுதிக்கொள்வீர்கள். வலிக்கிறது என்று அவன் இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை, பெற்ற என்னிடமும் சொல்லவில்லை. அவன் நல்லாருக்கேன் என்று சொல்லும்போது இல்லை என்று கண்டுபிடிக்கவும், உண்மையைச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று அவனை மறுபடி நம்பவைக்கவும் தெரிந்த ஒரு ஆள் எங்கேயாவது இருந்தால் கண்டுபிடி. இல்லையென்றால் நீ அந்த ஆளாக ஆகு. அதுவரை கூட்டிக்கொண்டு வாங்க என்று என்னிடம் சொல்லாதே.

அம்மா